மதகுப் பலகைகளும் சித்தியின் மறதியும்

இந்த மருத்துவமனையின் படியேறிய அத்தனை பேரிலும் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொல்லாத ஆள் நான் ஒருவன்தான். பெருமைக்காக எழுதவில்லை. சற்று முன்பு நர்ஸ் சித்தியை எடை மேடையில் ஏற்றி ஐம்பத்தாறு கிலோ என்று குறித்துக்கொண்டார் அல்லவா, அதுபோல இதுவும் ஒரு தகவல்.

டாக்டர், உங்கள் படிவத்தில், 'மறதி முதன்முதலில் தெரிந்தது எப்போது? வீட்டார் எழுதவும்' என்று கேட்டு, கீழே இரண்டே கோடு போட்டிருக்கிறீர்கள். இரண்டு கோட்டுக்குள் எழுதினால் அது பொய்யாகிவிடும். அதனால் நர்ஸிடம் வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி எழுதுகிறேன். பக்கத்து நாற்காலியில் சித்தி கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்க்கிறாள். ஏழாவது தடவை. எங்களுக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். நேரம் இருக்கிறது.

சித்தி என் அம்மாவின் தங்கை. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது; அன்றிலிருந்து அவள் வீட்டுச் சோறு. தையற்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பதில் எங்கள் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிள்ளையை வாசலில் நிற்கச் சொல்லி ஒரு தடவை மேலும் கீழும் பார்ப்பாள், டேப்பைத் தொடமாட்டாள், சட்டை கச்சிதமாக இருக்கும். இப்போது ஒரே பிள்ளைக்கு மூன்று தடவை அளவெடுத்து மூன்று இடத்தில் எழுதி வைக்கிறாள். நீங்கள் இன்று மறதி என்று உறுதியாகச் சொல்லிவிட்டால், நாளைக்குத் தையல் மெஷினை யாருக்காவது கொடுத்துவிடுவதாக இருக்கிறாள். பிள்ளைகளின் துணியைப் பாழாக்க அவளுக்கு மனமில்லையாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவின் பின்னால் கைவிடப்பட்ட உப்பளம் ஒன்று உண்டு. அதற்கப்பால் கடல். உப்புக்காரர்கள் போன பிறகு இருபது வருஷம் அது ஊர்க் குப்பைத்தொட்டியாக இருந்தது. ஊறிப்போன மெத்தை, உடைந்த கழிப்பறைக் கோப்பை, குழந்தைகளின் அழுக்கு நாப்கின், செத்த நாய் என்று எல்லாம் அங்கேதான். நாலு வருஷத்துக்கு முன்னால் தெருக்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து, அதை மறுபடி சதுப்பு நிலமாக்கிக் கரையோரப் பறவைகளை வரவழைப்போம் என்று கிளம்பினார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தர் தலைவர். உடம்பு வேலைக்கு வெல்டர் அண்ணன். நாக்குக்கு என் சித்தி.

குப்பை எனக்கு அருவருப்பாக இல்லை. குப்பை யோக்கியமானது, தன்னைக் குப்பை என்றுதான் சொல்லிக்கொள்கிறது. எனக்குக் குமட்டியது இவர்களுடைய பேச்சு. பறவையைப் பறவை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். "விருந்தாளிங்க எப்ப வருவாங்க டீச்சர்?" "வருவாங்கம்மா, கடல் தாண்டி வரணும்ல, களைப்பா இருக்கும்." இதை வளர்ந்த மனிதர்கள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, கையில் யாரோ போட்ட நாப்கினைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். முதல் முட்டையைப் பார்த்த அன்று வெல்டர் அண்ணன் அழுதார். நூறு கிலோ ஆள், இரும்பை உருக்குகிற ஆள், மூக்கைச் சிந்திச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் கல்லூரியில் 'கொட்டாவி' என்று ஒரு பக்கப் பத்திரிகை நடத்துகிறேன். நானே ஆசிரியர், நானே எழுத்தாளர், நானே ஜெராக்ஸ். முதல் முட்டைக்கு வெகு முன்பே இவர்களைப் பற்றி அதில் ஒரு கட்டுரை எழுதினேன்: 'வராத விருந்தாளிக்குப் பாய் விரிப்போர் சங்கம்'. கொக்கு தலையில் வெண்ணெய் வைத்து, அது உருகிக் கண்ணை மறைக்கும்போது பிடிக்கலாம் என்று கிளம்பியவனாவது ஒரு கொக்கை நேரில் பார்த்திருந்தான் என்று தொடங்கும். நன்றாகவே எழுதியிருந்தேன். கடைசி வரி: 'இந்தச் சேற்றில் ஒரே ஒரு முட்டை பொரிந்தாலும் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.'

போன வருஷம் பறவைகள் வந்தன. பவளக்காலிகளும் உப்புக்கொத்திகளும். பவளக்காலிக்குச் சிவப்புக் குச்சி மாதிரி நீளக் கால். உப்புக்கொத்தி கைக்குள் அடங்கும். வெறுந்தரையில் கிளிஞ்சல் துண்டு நாலை ஒதுக்கி முட்டை போட்டுவிட்டு, அதைக் கூடு என்று நினைத்துக்கொள்ளும். குழு கொட்டி வைத்திருந்த மணல்திட்டில் முப்பத்தேழு கூடுகள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நாற்பது பேர் நடுவில், வெல்டர் அண்ணன் என் கட்டுரையை எடுத்து விரித்தார்.

"தம்பி, அடுத்த வாரம் குஞ்சு பொரிச்சிடும்னு டீச்சர் சொல்றாங்க. மீசை விஷயம் என்னாச்சு?"

நான் குனிந்து செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டினேன்.

"அவசரமில்லப்பா. எடுக்கறதுக்கு முதல்ல ஒண்ணு முளைக்கணும்ல. அதுவரைக்கும் காத்திருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்திதான் அதிகம் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, பக்கத்தில் இருந்தவள் தோளில் அடித்துச் சிரித்தாள். "அய்யோ அண்ணே, விடுங்க, புள்ள பாவம்" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள்.

அதனால்தான் செய்தேன் என்று குறித்துக்கொள்ளாதீர்கள், டாக்டர். அவ்வளவு அற்பமான ஆள் இல்லை நான். யோசித்துப் பாருங்கள்: ஒரு முட்டையும் பொரியாது என்று அச்சில் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் ஒன்று பொரிந்தால் என்ன ஆகும்? நான் சொன்னது பொய்யாகிவிடும். வாழ்நாளில் ஒரு பொய்யும் சொல்லாதவன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

மதகைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. கடல் வாய்க்கால் உப்பளத்துக்குள் நுழையும் இடத்தில், இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஐந்து பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகலாம். கீழ் இரண்டும் எப்போதும் இருக்கும். மேல் மூன்றைச் சாதாரண நாளில் எடுத்து வைத்திருப்பார்கள். தண்ணீர் அளவாக வந்து போகும், சேறு தெரியும், பறவை மேயும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெரிதாக ஏறும் நாட்களில் மட்டும் மூன்றையும் செருகி, ஆப்பு வைத்து, கல்லால் இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் திட்டு மூழ்கும். வீட்டுக்கு ஒரு வாரம் முறை.

இதில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. பலகை போட்டவர் கரையேறி, எதிரில் முதலில் பார்க்கிற ஆளிடம் "அடைச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். கேட்டவர்தான் சாட்சி. நோட்டு வைக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, "நமக்குள்ள என்னங்க நோட்டு? வாய் வார்த்தை போதாதா?" என்று அடக்கியது என் சித்தி.

குஞ்சு பொரிப்பதற்கு முன் வந்த பௌர்ணமி சித்தியின் முறை. கடல் மத்தியானம் இரண்டரைக்கு உச்சம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். காலை பத்து மணிக்குச் சித்தி போய் மூன்று பலகையையும் செருகி, ஆப்பு அடித்து, சேலையை உதறிக்கொண்டு கரையேறினாள். எதிரில் முதலில் வந்தவன் நான். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"அடைச்சாச்சுடா."

"சரி சித்தி."

"மதியம் சீக்கிரம் வா, ரசம் ஆறிடும்."

மதியம் சீக்கிரம் வந்தேன். வீட்டுக்கு அல்ல. பன்னிரண்டரைக்கு உப்பளப் பக்கம் ஒரு ஈ காக்கை கிடையாது. எல்லோரும் சாப்பாட்டில் இருப்பார்கள். ஆப்பைத் தட்டி எடுத்தேன். அதை வழக்கமாகப் போட்டு வைக்கும் தகர டப்பாவில் போட்டேன். மூன்று பலகையையும் கழற்றி, எடுத்து வைக்கும் நாட்களில் எப்படி அடுக்குவார்களோ அப்படியே கரையில் வரிசையாக அடுக்கினேன். எனக்கு எதையும் அலங்கோலமாகப் போட்டுவைக்கப் பிடிக்காது. பிறகு எதிர்க்கரையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டேன்.

தண்ணீர் ஓடி வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வராது. ஈரம் துணியில் ஏறுகிற மாதிரி, ஓசையில்லாமல் ஏறும். பவளக்காலிகளுக்குத்தான் முதலில் தெரிந்தது. தண்ணீர் கிட்டே வரவர, காய்ந்த புல்லையும் குச்சியையும் கிளிஞ்சலையும் அலகால் இழுத்து இழுத்து முட்டைக்கு அடியில் தள்ளின. கூடு ஒரு விரல் உயர்ந்தது. தண்ணீரும் ஒரு விரல் உயர்ந்தது. ஒன்று கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கரண்டியைக் கொண்டுவந்து செருகியது. நாற்பது பேர் நாலு வருஷமாகப் பொறுக்கியும் விட்டுப்போன கரண்டி. கட்டுரையில் இருந்திருந்தால் மிகை என்று நானே வெட்டியிருப்பேன். உப்புக்கொத்திகள் எதையும் கொண்டுவரவில்லை. முட்டை மேலேயே உட்கார்ந்திருந்தன. தண்ணீர் நெஞ்சைத் தொட்டபோதும் எழவில்லை. மிதக்க ஆரம்பித்த பிறகுதான் பறந்தன.

மூன்றேகாலுக்கு வீட்டுக்குப் போய் ரசம் சாப்பிட்டேன். ஆறியிருந்தது.

மறுநாள் காலை நாற்றம் தெரு முனைவரை வந்துவிட்டது. காகமும் நண்டும் தின்றது போக மிச்சத்தைச் சித்தி வாளியில் பொறுக்கினாள். வெறுங்கையால். உடைந்த ஓடுகளுக்குள் குஞ்சுகள் ஏறக்குறைய முழுதாக இருந்தன. ஈரச் சிறகும், மூடின கண்ணும், ஓட்டை உடைப்பதற்கென்று அலகு நுனியில் இருக்கும் வெள்ளைப் புள்ளியும். ஒரு வாரம்வரை அவள் சோற்றில் கை வைக்குமுன் கையை முகர்ந்து பார்த்தாள். அருவருப்பாக இருந்தது. வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அன்று மாலை குழு கூடியது.

"நான் போட்டேன் டீச்சர். பத்து மணிக்குப் போட்டேன்."

"யார்கிட்டம்மா சொன்னீங்க?"

"இவன்கிட்டதான். எதிர்ல வந்தான். டேய், சொல்லுடா."

நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின. அன்றும் நான் பொய் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்:

"நல்லா யோசிச்சுப் பாரு சித்தி."

இதில் எந்தச் சொல் பொய்? நல்லா என்பதா, யோசி என்பதா? யோசிப்பது எல்லோருக்கும் நல்லதுதானே.

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. சித்தியின் அப்பா கடைசி நாலு வருஷம், சோறு ஊட்டுகிற மகளைப் பார்த்து "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அது தனக்கும் வரும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம் எப்போதும் உண்டு. அது எனக்குத் தெரியும். தெரிந்து வைத்திருப்பதும் பொய் அல்ல.

"போன முறைக்குப் போட்டதுதான் நேத்துப் போட்ட மாதிரி இருக்கோ..." என்றாள் மெதுவாக.

அப்போது டீச்சர் எழுந்து அவள் தோளைத் தொட்டு, "நீங்க போட்டிருப்பீங்கம்மா, காத்து தள்ளியிருக்கும்" என்றார். காற்று ஆப்பை உருவி, டப்பாவில் போட்டு, பலகைகளை எண்ணி, வரிசையாக அடுக்கிவிட்டுப் போனதாம். வெளியே வந்ததும் கேட்டேன்: "ஏன் டீச்சர், வாய் கூசாம இப்படிச் சொல்றீங்க?"

"ஒரு வார்த்தையில அவங்க மனசு ஆறும்னா சொன்னா என்னப்பா?" என்றார்.

அதைப் பற்றி 'கொட்டாவி'யில் எழுதினேன். தலைப்பு: 'ஆறுதல் வியாபாரிகள்'. நாலு காசு பெறாத நிம்மதிக்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் கொலைகாரனைவிடக் கேவலமானவர்கள் என்று வாதிட்டிருந்தேன். கொலைகாரனாவது காரியத்தை நேராகச் செய்கிறான்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. மூன்றாம் நாள் சித்தி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். இடது கை கட்டைவிரலை நீட்டினாள். நகம் கறுத்திருந்தது.

"இதப் பார்றா. ஆப்பு அடிக்கும்போது கல்லு நழுவி நசுங்குச்சு. அன்னிக்குத்தான்! அப்ப நான் போட்டிருக்கேன்ல?"

முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தாள். நான் நகத்தைக் கவனமாகப் பார்த்தேன். "மருந்து போடு சித்தி" என்றேன்.

மறுநாள் அவளுடைய துணி வெட்டும் கத்தரிக்கோலை மெஷின் பெட்டியிலிருந்து எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். ஒரே தடவைதான். அந்த வாரமே சாவியை ஒரு தடவை. அவ்வளவுதான், மிகைப்படுத்த மாட்டேன். வாயால் எதுவும் சொல்லவில்லை. அரிசிக்குள் கை விட்டு இரும்பைத் தொட்டபோது அவள் சத்தம் போடவில்லை. கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை தரையில் உட்கார்ந்திருந்தாள். நகத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை.

அதன் பிறகு என் உதவி தேவைப்படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தெரு முனைவரை போய்த் திரும்பி வந்து பார்ப்பாள். கதவில் ஒரு சீட்டு, குழாயில் ஒரு சீட்டு, மெஷினில் நாலு சீட்டு. பயத்தில் ஒரு சட்டைக்குக் கை குட்டையாக வெட்டிவிட்டாள். அதையும் மறதிக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். குழுவிலிருந்து தானாகவே விலகினாள். "என்னால இனி ஒரு உசுரு போகக் கூடாது" என்றாள். இப்போது குழுவில் நோட்டு வைத்திருக்கிறார்கள். பலகை போட்டால் இரண்டு பேர் கையெழுத்து. அதற்குக் கோடு போட்டுக் கொடுத்தது நான்தான். இந்த வருஷம் ஒன்பது கூடு வந்திருப்பதாக வெல்டர் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். சித்தி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: மறதி ஒருபோதும் தெரிந்ததில்லை, ஏனென்றால் மறதி இல்லை. சித்தி பலகை போட்டாள். கழற்றியவன் நான். அவளுக்கு மருந்து வேண்டாம். அவளிடம் இதை நீங்கள் சொன்னால் போதும்.

எங்களுக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான். சித்தி என் தோள்மேல் எட்டிப் பார்க்கிறாள். கண்ணாடி கொண்டுவரவில்லை, படிக்க முடியாது.

"என்னடா, ஒரு கேள்விக்கு இவ்ளோ எழுதற? பரீட்சையிலகூட நீ இப்படி எழுதினதில்லையே."

"விவரமா கேட்டிருக்காங்க சித்தி."

சாவியை மறுபடி ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு கைப்பையை மூடி மடியில் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அன்னிக்கு நான் உன்கிட்ட வந்து சொன்னேனா, இல்லையா? யோசிச்சுப் பாருன்னு சொன்னியே தவிர, நீ அதுக்கு நேரா பதில் சொல்லவே இல்ல."

நான் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரம் சேர்த்து அடுக்கினேன்.

"சொன்னேன்னா, இப்பவே எழுந்து வீட்டுக்குப் போறேன். முப்பது சட்டை தைக்காம கிடக்கு. இல்லேன்னா உள்ள போறேன், குடுக்கற மாத்திரையச் சாப்பிடறேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதும்டா. நடுவுல நிக்கத்தான் முடியல."

பதில் கையிலேயே இருந்தது. நாலு தாள், சுத்தமான கையெழுத்தில். படித்துக் காட்டினால் போதும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்பது வயதிலிருந்து பார்க்கிற முகம். படித்துக் காட்டிய பிறகு அந்த முகம் என்னை எப்படிப் பார்க்கும் என்று ஒரு கணம் தெரிந்தது.

"இல்ல சித்தி," என்றேன். "நீ சொல்லல."

அவள் மூச்சை விட்டாள். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"என் மனசு கஷ்டப்படுமேன்னுதான் இத்தன நாளா வாயத் திறக்காம இருந்தியாடா? பைத்தியக்காரா."

நர்ஸ் சித்தியின் பெயரைக் கூப்பிட்டார். படிவத்தை எடுத்து, நீங்கள் விட்டிருந்த இரண்டு கோட்டில் எழுதினேன்: 'சென்ற வருஷம், பௌர்ணமியன்று. மதகை அடைக்க மறந்துவிட்டார்.' இடம் சரியாக இருந்தது. நர்ஸ் வாங்கிக்கொண்டு போனார். இந்தத் தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போகிறேன். உங்களிடம் பிறகு தருகிறேன், அவள் கொஞ்சம் தேறட்டும்.

சித்தி உள்ளே போய்விட்டாள். கதவருகே நின்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருஷமாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரே வார்த்தையில் ஒரு மனுஷிக்கு இவ்வளவு நிம்மதி கொடுக்க முடிகிறதென்றால், டாக்டர், அதைப் போய்ப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.